கோணமாமலைக்கு ஒரு விலாசம்

ஆடி அமாவாசை. அப்பாவுக்காகக் கடலில் எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு, மாற்று வேட்டி கட்டிக்கொண்டு திருகோணமலைக் கோட்டைக்குள் இருக்கும் கோணேசர் மலைக்கு நடந்தேன்.

பிரெட்றிக் கோட்டை வாசல் கல்லில் இணைக்கயல், பாண்டியரின் இரட்டை மீன் சின்னம், இன்னும் தெரிகிறது. 1622இல் போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் கற்கள்தான் இந்தக் கோட்டையாக நிற்கின்றன. உள்ளே மர நிழலில் மான்கள். ஆட்களைக் கண்டு அவை எழும்புவதே இல்லை.

இதே கோட்டையில்தான் அப்பா இருபது வயதில் பீரங்கிப் படையில் இருந்தார். 1942 ஏப்ரல் 9 காலை ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டதையும் சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கி எரிந்ததையும் கண்ணால் கண்டவர். கேட்டால் ஒரே பதில்தான். “அப்ப மலையில கோயில் இல்லடா மகன். கடலைப் பார்த்துக் கும்பிட்டன்.”

யுத்தம் முடிந்ததும் தபால் கந்தோரில் சேர்ந்தார். முதலில் தந்திப் பியோன், பிறகு தபால்காரர். சாவுத் தந்தி கொண்டுபோகும் நாளில் சைக்கிள் மணி அடிக்க மாட்டார். படலைக்கு முன்னாலேயே இறங்கி உருட்டிக்கொண்டு போவார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வீட்டில் மூத்தவர் வெளியே வரும்வரை நிற்பார். பெண்களின் கையிலோ பிள்ளைகளின் கையிலோ அதைக் கொடுத்ததே இல்லை. அந்த ஒன்றுக்காகவே அவரை நான் தினமும் நினைக்கிறேன்.

1956இல் மைக் வில்சன் என்ற வெள்ளைக்காரர் மலையடிக் கடலில் சுழியோடிச் சுயம்புலிங்கத்தைக் கண்டார். மலையில் கோயில் மீண்டும் எழுந்து 1963இல் கும்பாபிஷேகம் நடந்தபோது எனக்கு எட்டு வயது. அப்பா என்னைச் சைக்கிள் பாரில் வைத்து, ஏற்றத்தில் தள்ளிக்கொண்டே வந்தார். சந்நிதியில் எல்லோரும் கை கூப்பி அழுதார்கள். அவரோ பரேட்டில் நிற்பது போல விறைத்து நின்றார். கண்ணீர் மட்டும் வழிந்தது.

சம்பந்தர் இராமேச்சரத்தில் நின்றே கோணேசரைப் பாடினார் என்பார்கள். “அக்கரையில பாடினது இக்கரைக்கு வந்து சேர்ந்திருக்கே, இடையில யாரோ ஒரு தபால்காரன் இருந்திருக்கிறான்” என்று அப்பா சொல்லிச் சந்தோஷப்படுவார். பிறகு ‘குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமாமலை அமர்ந்தாரே’ என்று மெல்லப் பாடுவார். சுருதி சேராது, ஆனாலும் இன்றுவரை எனக்கு அந்தக் குரலில்தான் தேவாரம் கேட்கிறது.

மலைப் பாறை பிளந்து கிடக்கும் இராவணன் வெட்டில் சற்று நேரம் நின்றேன். கீழே அலை பாறையில் மோதி நுரைத்தது. நேரமாகிவிட்டது என்று உள்ளே போனேன்.

அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரத்தோடு அப்பா வீட்டு விலாசத்தையும் சொல்லுவார். “விலாசம் சரியா இருந்தாத்தான் போய்ச் சேரும்.” சின்ன வயதில் எனக்கு அது வெட்கமாக இருக்கும்.

இன்று மோட்ச அர்ச்சனைக்கு ஐயர் கேட்டார். அப்பாவின் பெயரைச் சொன்னேன், நட்சத்திரத்தைச் சொன்னேன். பிறகு வீட்டு இலக்கம், தெரு, திருகோணமலை. ஐயர் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். தெருப் பெயரையும் சேர்த்தே சொல்லிப் பூவைப் போட்டார்.