ஹென்றி க்ரீமரின் வரிகளைத் தேடி: இதுவரை கேட்ட தட்டுகள்

பழைய அமெரிக்க இசைத்தட்டுகளில் பாடகரைப் பிடித்துக்கொண்டு போகலாம், ட்ரம்பெட் வாசித்தவரைப் பிடித்துக்கொண்டும் போகலாம். பாட்டு எழுதியவரைப் பிடித்துக்கொண்டு போனால் எங்கே போய்ச் சேருவோம் என்று பார்க்கத் தோன்றியது. அதற்காக நான் எடுத்துக்கொண்ட ஆள் ஹென்றி க்ரீமர். 1879-ல் வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்டில் பிறந்து, 1930-ல் நியூயார்க்கில் இறந்த கறுப்பினப் பாடலாசிரியர். 1910-ல் நியூயார்க்கில் கறுப்பின இசைக்கலைஞர்களுக்கென்று கிளெஃப் கிளப் தொடங்கியவர்களில் ஒருவர். பியானோக்காரர் டர்னர் லேட்டனின் மெட்டுக்கு இவர் எழுதிய 'ஆஃப்டர் யூவ் கான்' 1918-ல் வந்தது. ஜாஸ் வாசிக்கிறவர்கள் இன்றும் அதை விடவில்லை. எழுதியவர் பெயரைக் கேட்டால்தான் முழிப்பார்கள்.

தேடுவதற்குச் சாந்தா பார்பராவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக நூலகத்தின் ஒலிப்பதிவுப் பட்டியல் போதுமானதாக இருந்தது. பெயரைக் கொடுத்தால் எந்தக் கம்பெனி, எந்த நாள், என்ன பதிவு எண் என்று வரிசையாகக் கொட்டுகிறது. கேட்பதற்கு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் நேஷனல் ஜூக்பாக்ஸும் இன்டர்நெட் ஆர்க்கைவும். 1922 வரை வெளியான ஒலிப்பதிவுகள் அமெரிக்கச் சட்டப்படி 2022 ஜனவரி 1 அன்று பொதுச்சொத்தாகிவிட்டன, 1923-ல் வெளியானவை 2024-ல். அதனால் க்ரீமரின் முதல் சில வருடத் தட்டுகளை இறக்கி வைத்துக்கொள்ளத் தயங்க வேண்டியதில்லை.

இறக்கியதும் ஒரு வேலை இருக்கிறது. அந்தக் காலத்தில் எல்லாத் தட்டும் நிமிடத்துக்கு 78 சுற்றில் ஓடியதில்லை. கொலம்பியா கம்பெனி தன் தட்டுகளை 80 சுற்றில் ஓட்டச் சொன்னது. அதை 78-ல் ஓட்டிப் பதிவு செய்திருந்தால் சுருதி அரைச்சுரத்தில் கிட்டத்தட்டப் பாதி இறங்கிப் பாடகர் சளி பிடித்தவர் போலக் கேட்பார். ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் வேகத்தைச் சற்றுக் கூட்டி, கீபோர்டில் சுருதி சேருகிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். சொல் தெளிவாக விழுவதற்கு இந்தச் சின்னத் திருத்தமே நிறைய உதவுகிறது.

எக்செல் தாளில் முதலில் பாட்டு, பாடியவர், வருடம் என்று சாதாரணமாகத்தான் போட்டேன். கேட்கக் கேட்க வேறொரு கட்டம் தேவைப்பட்டது: இந்தத் தட்டில் க்ரீமர் எழுதியது எவ்வளவு காதில் விழுகிறது? லேபிளில் 'க்ரீமர்–லேட்டன்' என்று அச்சாகியிருக்கும், உள்ளே அவர் எழுதிய ஒரு சொல் கூட இருக்காது. இப்படிப்பட்ட தட்டுகள் எக்கச்சக்கம். ஆக மூன்று பிரிவு வைத்தேன். வெர்ஸ், கோரஸ் இரண்டும் பாடியவை, கோரஸ் மட்டும் பாடியவை, வாயே திறக்காதவை. கோரஸ் என்பது பாட்டின் முக்கிய பகுதி. வெர்ஸ் என்பது நம் தொகையறா மாதிரி, அதற்கு முன்னால் வந்து சூழ்நிலையைச் சொல்லிவிட்டுப் போவது. காலம் போகப் போகப் பாடகர்கள் முதலில் கை வைத்தது அதில்தான்.

'ஆஃப்டர் யூவ் கான்' பாட்டின் கோரஸ் மொத்தமே 20 பார், அதாவது 20 தாளக் கட்டம். அந்தக் காலத்துப் பாட்டுகளில் பெரும்பாலும் 32 இருக்கும். இந்தச் சின்ன இடத்தில் க்ரீமர் செய்திருக்கும் வேலை எனக்கு மிகவும் பிடித்தது. பிரிந்து போகிறவரிடம் பேசுகிற பாட்டு. அழப்போகிறேன் என்று ஆரம்பத்திலேயே ஒரு தடவை ஒப்புக்கொள்கிறார். அதற்கப்புறம் பேச்செல்லாம் எதிராளியின் நாளையைப் பற்றித்தான்: உனக்குத்தான் வருத்தம், நீதான் தனியாக நிற்பாய், ஒரு நாள் என்னைத் தேடுவாய். கெஞ்சலா சாபமா என்று பாடுகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

1918-லேயே விக்டர் கம்பெனிக்காக இதைப் பாடியவர் மரியன் ஹாரிஸ். மைக் வராத காலம், ஒலியை வாங்கும் பெரிய குழாய்க்கு முன்னால் நின்று பாட வேண்டும். வாத்தியங்கள் தகர டப்பாவுக்குள் இருப்பதுபோல் இருந்தாலும் சொற்கள் ஒவ்வொன்றும் தனியாகக் கேட்கின்றன, வெர்ஸும் முழுதாக இருக்கிறது. இது கெஞ்சல் பக்கம். 1927 மார்ச்சில் பெஸ்ஸி ஸ்மித் கொலம்பியாவுக்குப் பாடியது அடுத்தது. அதற்குள் மைக் வந்துவிட்டது. அவரும் வெர்ஸை விடவில்லை. ஆனால் 'வருந்துவாய்' என்கிற இடத்தில் அந்தக் குரல் எச்சரிக்கையாகவே மாறிவிடுகிறது. ஒரே காகிதத்தை இரண்டு பேர் படித்த மாதிரியே இல்லை. என்னைக் கேட்டால் இந்தப் பாட்டுக்குப் பெஸ்ஸி போதும். மற்றவர்களைக் கணக்குக்காகக் கேட்டேன்.

1935-ல் பென்னி குட்மேன், டெடி வில்சன், ஜீன் க்ரூபா மூவரும் வாசித்த தட்டு மூன்றாம் பிரிவு. கிளாரினெட், பியானோ, டிரம்ஸ், அவ்வளவுதான். அருமையான வாசிப்பு, அதில் சந்தேகமில்லை. பெஸ்ஸியைக் கேட்டு முடித்த கையோடு இதைப் போட்டால், ஒவ்வொரு வரியும் எங்கே விழ வேண்டும் என்று மனசு தானாகப் பாடிக்கொண்டே போகிறது. வெறும் வாத்தியத் தட்டு என்று ஒதுக்கி வைத்திருந்தவற்றை மறுபடி கேட்க ஆரம்பித்தது இதற்கப்புறம்தான்.

'வே டவுன் யாண்டர் இன் நியூ ஆர்லியன்ஸ்' 1922-ல் வந்தது, 'ஸ்பைஸ் ஆஃப் 1922' என்ற மேடைக் காட்சியில். அந்த நாளில் தெற்கு மாநிலங்களைப் பற்றிய பாட்டு என்றால் ஒரு தாய்க்கிழவி, ஒரு கோவேறு கழுதை, ஒரு நிலா கட்டாயம். இந்த மூன்றும் இல்லாத தென்னாட்டுப் பாட்டு என்றே இதை விளம்பரப்படுத்தினார்கள். க்ரீமருக்கும் லேட்டனுக்கும் அந்தச் சந்தைச் சரக்கின் மேல் எவ்வளவு அலுப்பு இருந்திருக்க வேண்டும்! ஆனால் அதற்கு முந்தின வருடம்தான் அதே இருவரும் 'டியர் ஓல்ட் சவுத்லேண்ட்' கொடுத்திருந்தார்கள். 'டீப் ரிவர்' என்ற கறுப்பின ஆன்மிகப் பாடலின் மெட்டைத் தழுவியது, ஊர் ஏக்கம் சொட்டும். வர்ஜீனியாவிலிருந்து நியூயார்க் வந்த கறுப்பினத்தவர் அந்தத் தெற்கை நினைத்து உருகி எழுதியதை நான் முழுசாக நம்பவில்லை. பிழைப்புக்கு எழுதியதும் அதில் இருக்கும்.

இந்த இரண்டு பாட்டிலும் என் மூன்றாம் பிரிவு நிரம்பி வழிகிறது. நியூ ஆர்லியன்ஸ் பாட்டை 1927-ல் ஃப்ராங்கி ட்ரம்பாவர் குழு வாசித்தது, அதில் பிக்ஸ் பைடர்பெக் வாசித்தது ட்ரம்பெட் மாதிரியான கார்னெட். 1938-ல் கேன்சஸ் சிட்டி சிக்ஸ், அதில் லெஸ்டர் யங் சாக்ஸஃபோனை வைத்துவிட்டுக் கிளாரினெட் எடுக்கிறார். 'சவுத்லேண்ட்' பாட்டை 1930-ல் லூயி ஆம்ஸ்ட்ராங் ட்ரம்பெட்டிலும் பக் வாஷிங்டன் பியானோவிலும், வேறு யாரும் இல்லாமல். எனக்கு நெருடிய அந்த ஊர் ஏக்க வரிகள் இதில் இல்லை, துக்கம் மட்டும் மிச்சமிருக்கிறது. பாடலாசிரியரைத் தேடிக் கிளம்பியவன் சொல்லக்கூடாது, ஆனால் வரிகள் இல்லாமல்தான் இந்தப் பாட்டு எனக்கு ஒத்துப்போகிறது.

ஜேம்ஸ் பி. ஜான்சன் மெட்டில் 1926-ல் எழுதிய 'இஃப் ஐ குட் பி வித் யூ' இன்னொரு வகை. ஒரே ஒரு மணி நேரம் உன்னோடு இருக்கக் கிடைத்தால், என்று அடக்கமாகத் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தைரியம் வருகிற வரிகள். 1930-ல் மெக்கின்னீஸ் காட்டன் பிக்கர்ஸ் குழுவின் தட்டு பெரிய வெற்றி. அதே வருடம் ஆம்ஸ்ட்ராங்கும் பாடினார், சொற்களைப் பாதி விழுங்கி, பாதி இழுத்து. அதை எந்தப் பிரிவில் போடுவது? க்ரீமரின் சொற்கள்தான், ஆனால் க்ரீமர் எழுதிய வரிசையும் அளவும் இல்லை. இப்போதைக்கு இரண்டாம் பிரிவில் போட்டுப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி வைத்திருக்கிறேன். அந்த வருடம் அக்டோபர் 14-ல் க்ரீமர் இறந்துபோனார்.

மூன்று பிரிவில் மிகவும் இளைத்துப்போய் நிற்பது முதலாவது. 1930-க்குப் பிறகு வெர்ஸோடு பாடிய தட்டு என் தாளில் அபூர்வம். அடுத்து டர்னர் லேட்டன் பக்கம் போகிறேன். அவர் 1924-ல் லண்டனுக்குப் போய், கிளாரன்ஸ் ஜான்ஸ்டனோடு ஜோடி சேர்ந்து கொலம்பியாவுக்கு ஏராளமாகப் பாடியவர். கூடவே உட்கார்ந்து மெட்டுப் போட்டவராவது வெர்ஸை விட்டு வைத்தாரா என்று பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் தட்டுகளுக்குப் பட்டியல் வேறு என்பதால் எக்செலில் புதுத் தாள் ஒன்று திறந்தாயிற்று.