மின்ஸ்க் நகரின் கண்ணீர்த் தீவு

பெலாரஸ் தலைநகர் மின்ஸ்க் போகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பிரம்மாண்டமான நூலகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஸ்விஸ்லச் ஆற்றின் நடுவே இருக்கும் கண்ணீர்த் தீவுக்குக் கட்டாயம் போக வேண்டும். கரையிலிருந்து ஒரு நடைபாலம், அவ்வளவுதான் தூரம். ஆப்கானிஸ்தான் போரில் சோவியத் படையில் இருந்து இறந்த பெலாரஸ் வீரர்களுக்காக 1996இல் திறக்கப்பட்ட நினைவிடம் அது. சிறு தேவாலயம் போன்ற கட்டடத்தின் அடியில் சிலைகளாக நிற்பவர்கள் தாய்மார்கள், மனைவியர், சகோதரிகள்.

உள்ளே, இறந்தவர்களின் பெயர்கள். எழுநூறுக்கும் மேல். ஒரு மூதாட்டி கைக்குட்டையால் ஒரு பெயரை எழுத்தெழுத்தாகத் துடைத்தார். கீழே இரண்டு சிவப்புக் கார்னேஷன் பூக்களை வைத்தார். இறந்தவர்களுக்கு இரட்டைப்படையில் வைப்பதே அங்கே வழக்கம். என்னுடன் வந்த தம்பி மதுரைப் பக்கத்துப் பையன், அங்கே மருத்துவம் படிக்கிறான். பாட்டியிடம் பணிவாகப் பேச்சுக் கொடுத்தான். “அவங்க அண்ணனாம், அக்கா” என்றான். துத்தநாகச் சவப்பெட்டியில் வந்தாராம். பற்றவைத்து மூடிய பெட்டியைத் திறக்க விடவில்லை. உள்ளே இருந்தது தன் பிள்ளைதானா என்று அம்மா கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

1979 டிசம்பர் முதல் 1989 பிப்ரவரிவரை நடந்த போரில் சோவியத் தரப்பில் மட்டும் சுமார் 15,000 பேர் இறந்தார்கள். ஆப்கன் மக்களின் சாவு அதைவிடப் பல மடங்கு. ‘சர்வதேசக் கடமை’ என்று சொல்லித்தான் பிள்ளைகளை அனுப்பினார்கள். ஊனத்தோடு திரும்பி உதவி கேட்டவர்களுக்கு அதிகாரிகளிடம் கிடைத்த பதில், “உங்களை அங்கே அனுப்பியது நாங்கள் இல்லை” என்பதுதான். 1989 டிசம்பரில் சோவியத் நாடாளுமன்றமே அந்தப் படையெடுப்பைக் கண்டித்தது. கடமை என்றதை ஒரே தீர்மானத்தில் தவறு என்று ஆக்கிவிட்டால் பெற்றவள் என்ன செய்வாள்?

அந்தப் போரில் இருந்தவர்கள், பிள்ளைகளை இழந்த தாய்மார்கள் ஆகியோரின் வாக்குமூலங்களைக் கேட்டு நூலாக எழுதிய பெலாரஸ் எழுத்தாளர் ஸ்வெட்லானா அலெக்ஸியேவிச்மீதே 1990களின் தொடக்கத்தில் மின்ஸ்க் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். போட்டவர்களில் அவரிடம் மனம்விட்டுப் பேசிய தாயும் உண்டு. அந்தத் தாய்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மகன் வீரனாகத்தான் செத்தான் என்ற ஒரே பிடிமானத்தையும் விட்டுக்கொடு என்று அவளிடம் எப்படிக் கேட்பது? ஆனாலும் அவள் அழுதுகொண்டே சொன்னது பதிவானது நல்லது என்றே நினைக்கிறேன். கூண்டில் நிற்க வேண்டியவர்கள் வேறு. படையை அனுப்ப கிரெம்ளினில் முடிவெடுத்தவர்களில் ஒருவர்கூட அதற்காக எந்த நீதிமன்றப் படியும் ஏறவில்லை.