நெகடிவில் மட்டும் தெரியும் பென்சில்

போன மாதம் பாண்டிச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், பழைய பூட்டுகளுக்கும் ரேடியோக்களுக்கும் நடுவே ஒரு பிஸ்கட் டப்பா நிறைய நெகடிவ்கள் கிடந்தன. 200 ரூபாய்க்கு டப்பாவோடு வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் நான் முதலில் பார்த்தது முகங்களை அல்ல. பளபளப்பில்லாத பக்கத்தைச் சாய்த்துப் பிடித்து, பென்சில் கோடு இருக்கிறதா என்றுதான் பார்த்தேன். இருந்தது.

என் அப்பா தஞ்சாவூரில் ஒரு ஸ்டுடியோவில் 26 வருடம் டச்சிங் வேலை, அதாவது நெகடிவில் முகத்தைத் திருத்தும் வேலை பார்த்தவர். சாய்வான மேசை, நடுவில் ஒரு கண்ணாடிச் சன்னல், கீழே வெளிச்சத்தை மேலே திருப்பிவிடும் முகம் பார்க்கும் கண்ணாடி. நெகடிவில் பென்சில் சும்மா பிடிக்காது, வழுக்கும். அதனால் 'மீடியம்' என்ற பிசின் கரைசலை ஒரு சொட்டு விட்டுப் பஞ்சால் தேய்ப்பார். பென்சிலின் ஈயத்தை ஒரு அங்குலம் வெளியே விட்டு, உப்புத்தாளில் ஊசி மாதிரி கூராக்குவார். நெகடிவில் இருட்டும் வெளிச்சமும் தலைகீழ், அதனால் முகத்தில் இருக்கும் சுருக்கமும் தழும்பும் அதில் வெளிறிய கோடுகளாகவும் புள்ளிகளாகவும் இருக்கும். அவற்றைப் பென்சிலால் நிரப்பினால் பிரிண்டில் அந்த இடம் வெளுத்து, பக்கத்துத் தோலோடு சேர்ந்துவிடும். கொஞ்சம் அதிகமாகப் போனால் வெள்ளைத் திட்டு விழுந்துவிடும். பிரிண்டில் தேவையில்லாத வெளுப்பு இருந்தால், நெகடிவில் கத்தி முனையால் படலத்தையே சுரண்ட வேண்டும். அந்த நேரத்தில் அப்பா மூச்சைப் பிடித்துக்கொள்வார்.

அம்மைத் தழும்புதான் அதிகம் வரும் என்பார். அடுத்து, பெண் பார்க்க அனுப்பும் படங்கள். "கொஞ்சம் கலரா இருக்கட்டும்ணே" என்று பெண்ணின் அம்மா கவுண்டரில் குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டுப் போவார். அப்பா அதையும் செய்திருக்கிறார். எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனாலும் அந்தக் கையின் நிதானத்தை நான் மறுக்க முடியாது.

கலர் ஃபிலிம் வந்ததும் பென்சிலுக்கு வேலை குறைந்தது. அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது, அந்த மேசையும் போனது. ஸ்டுடியோவை மூடியபோது நெகடிவ்களை எடைக்குப் போட்டுவிட்டார்கள், அதிலிருக்கும் வெள்ளிக்காக. அப்பாவின் 26 வருடம் எத்தனை கிலோ இருந்தது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

இதனால்தான் பெய்ஜிங்கில் தோமா சோவென் என்ற பிரெஞ்சுக்காரர் செய்த காரியத்தைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. வெள்ளி பிரிப்பதற்காக நெகடிவ்களை வாங்கிக் குவித்திருந்த ஒரு பழைய சாமான்காரரிடமிருந்து, 2009 முதல் அவர் கிலோக்கணக்கில் வாங்க ஆரம்பித்தார். இன்று அது ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். ஜெர்மனியின் யோவாகிம் ஷ்மிட் 1982 முதல் தெருவில் கிடந்த படங்களைப் பொறுக்கினார், கிழிந்தவற்றையும் விடாமல். இவர்கள் புதிதாகப் படம் எடுப்பதைவிட, யாரோ எடுத்ததைத் தேடித் தேர்ந்து வரிசைப்படுத்துவதைக் கலையாகச் செய்கிறார்கள். அது கலைதான். லட்சம் படத்தில் எதை நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று தெரிவது லேசான திறமை இல்லை.

எனக்கு இருக்கும் ஆதங்கம் வேறு. கண்டெடுத்த படங்களை வைத்து நடக்கும் கண்காட்சிகளில் பெரும்பாலும் பிரிண்ட்தான் மாட்டப்படுகிறது. படத்தில் இருப்பவர் யார் என்று பலரும் கேட்கிறார்கள், எடுத்தவர் யார் என்று சிலர் கேட்கிறார்கள். அந்த முகத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தவரைப் பற்றிக் கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. தோன்றவும் வழியில்லை, ஏனென்றால் வெளியே தெரிந்துவிட்டால் அது கெட்ட வேலை. அப்பாவின் சம்பளமே தெரியாமல் இருப்பதற்குத்தான். இப்போது முதல்முறையாக, அந்த வேலை தெரிவதில்தான் அதன் மதிப்பு இருக்கிறது. நெகடிவையே பெட்டியில் வைத்துப் பக்கவாட்டில் வெளிச்சம் விட்டால் போதும், ஒவ்வொரு கோடும் எழுந்து நிற்கும்.

தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களைப் பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினர் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தேடி எடுத்து ஸ்கேன் செய்திருக்கிறார்கள். பெரிய வேலை, மனசார நன்றி. ஸ்டுடியோக்காரர்கள் வீட்டில் படத்தைக் கேட்கப் போகிற யாராக இருந்தாலும், டச்சிங் பார்த்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பலருக்கு எண்பதை நெருங்குகிறது.

அப்பாவுக்கு இப்போது 78. கண்புரை அறுவை முடிந்து நான்கு மாதம்தான் ஆகிறது. டப்பாவிலிருந்து ஒரு பெரிய நெகடிவை எடுத்துக் கொடுத்து, "அப்பா, இது உங்க வேலையா இருக்குமோ?" என்றேன். மூக்குத்தி போட்ட ஒரு பாட்டி, கன்னம் முழுக்கப் பென்சில். சன்னல் பக்கம் திரும்பி, சாய்த்துச் சாய்த்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"நான் இல்லம்மா. நான் கோட்டைக் கமாவாப் போடுவேன். இவர் எட்டு எட்டாப் போட்டிருக்கார், பாரு."

அப்புறம் நெகடிவைத் திருப்பிக் கொடுக்காமலே கேட்டார்: "இன்னும் இருக்கா இவரோடது?"