ஐம்பதுக்கு மேல் கம்பஸ்

1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கியபோது, யாழ்ப்பாணத்தில் ஏ.எல் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய உயர்தர வகுப்பு) படித்துக்கொண்டிருந்த என் வயதுப் பெண்கள் பலருக்குப் படிப்பு அதோடு நின்றுபோனது. அப்புறம் இடப்பெயர்வு, கல்யாணம், லண்டன், பிள்ளைகள். முதியோர் இல்லத்தில் பல வருஷம் வேலை செய்தபிறகு, ஐம்பதைத் தாண்டித்தான் நான் நர்சிங் பட்டப்படிப்பில் சேர்ந்தேன்.

"இந்த வயதில் என்ன கம்பஸ்?" என்று சொந்தக்காரர் கேட்டார்கள். என் வயதுக்காரருக்கு இங்கே அரச ஓய்வூதியம் 67இல்தான். 56இல் பட்டம் எடுத்தாலும் 11 வருஷம் தாதியாக வேலை செய்யலாம். படிக்காவிட்டாலும் அந்த 11 வருஷம் உழைக்கத்தானே வேண்டும்?

வழி இருப்பது எங்கள் பெண்கள் பலருக்குத் தெரியாது என்பதுதான் என் கவலை. ஏ.எல் பெறுபேறு இல்லாதவர்களுக்கு, பல்கலைக்கழகத்தில் சேர வழிசெய்யும் அக்சஸ் டிப்ளோமா இருக்கிறது. முழுநேரமென்றால் ஒரு வருஷம். அதற்கு எடுக்கும் கடனில் மிச்சம் இருப்பதை, பின்னர் பட்டப்படிப்பை முடித்தால் தள்ளுபடி செய்துவிடுகிறார்கள். இங்கிலாந்தில் தகுதியுள்ள நர்சிங் மாணவருக்கு வருஷத்துக்கு 5,000 பவுண் தருகிறார்கள். அதைத் திருப்பிக் கட்டத் தேவையில்லை.

படிப்பில் எனக்குக் கஷ்டமாக இருந்தது ஆங்கிலம் அல்ல, 'நான்' என்று எழுதுவது. கிப்ஸ் என்பவர் 1988இல் வகுத்த ஆறு படிகளில், வார்டில் நடந்த ஒன்றைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். என்ன நடந்தது என்பது முதல் படி. என்ன உணர்ந்தாய் என்பது இரண்டாவது. நோட்ஸைப் பாடமாக்கி வளர்ந்த எங்களிடம் எந்த ஆசிரியர் அதைக் கேட்டார்? சாப்பாட்டை மறுத்த ஒரு முதியவரைப் பற்றி எழுதத் தொடங்கி, அவருக்குக் கோபமா பயமா என்று யோசித்தபோதுதான், இத்தனை வருஷம் பார்த்த வேலைக்குள் எவ்வளவு அறிவு இருந்திருக்கிறது என்று புரிந்தது.

மருந்துக் கணக்குச் சோதனையில் 100 புள்ளியும் எடுத்தே ஆகவேண்டும். 1,000 மில்லிலீற்றர் சேலைனை 8 மணித்தியாலத்தில் ஏற்றவேண்டுமென்றால் மணிக்கு எவ்வளவு? 125. ஊரில் பாடமாக்கிய வாய்ப்பாடு இங்கே கைகொடுத்தது. பக்கத்து மேசைப் பிள்ளைகளுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

நேரம்தான் பெரிய பாடு. பட்டம் முடிவதற்குள் 2,300 மணித்தியாலம் மருத்துவமனை போன்ற இடங்களில் பயிற்சி எடுக்கவேண்டும், இரவு வேலையும் வரும். சாமத்திய வீடு, பிறந்தநாள் என்று வார இறுதி முழுக்க மண்டபங்களில் கழித்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. வரமாட்டேன் என்று சொன்னேன். சிலர் இன்னமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சரி, பரவாயில்லை.

என்னோடு வேலை செய்த ஒரு அக்காவுக்கு இப்போது 57. படிப்பு தொடங்கும்போது 60 வயதுக்குக் குறைவாக இருந்தால்தான் வாழ்க்கைச் செலவுக்கான வழமையான மாணவர் கடன் கிடைக்கும். இந்த வருஷம் ஜிசிஎஸ்இ (இங்கே பிள்ளைகள் 16 வயதில் எழுதும் பரீட்சை) கணிதம், அடுத்த வருஷம் அக்சஸ், 59இல் பல்கலைக்கழகம் என்று இருவருமாகக் கணக்குப் போட்டோம். பிந்தினால் அந்தக் கடன் கைநழுவிவிடும். "பேத்தி பிறக்கட்டும், பிறகு பார்ப்பம்" என்றா. "அக்கா, பேத்தி எப்படியும் பிறப்பாள், முதலில் பதியுங்கோ" என்று நானே மாலை வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இப்போது செவ்வாய்க்கிழமைகளில் இரண்டு பேருமாகப் பின்னக் கணக்குப் போடுகிறோம். கல்குலேட்டர் இல்லாத வினாத்தாளில் அவதான் வேகம்.