மூன்று கணவாய், ஒரே காற்று: பாலக்காட்டிலிருந்து ஆரல்வாய்மொழி வரை ஓர் ஆடிப் பயணம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டித் தெற்கே இறங்கும் இந்தப் பயணத்தை ஆனிக் கடைசியிலோ ஆடியிலோ செய்ய வேண்டும். ஐப்பசியில் போனால் மலையின் இரு பக்கமும் நனைந்து பச்சையாக இருக்கும், எந்த ஊர் ஏன் அப்படி இருக்கிறது என்பது பிடிபடாது. ஆடியில் மட்டும்தான் மலை ஒரு பக்கத்துக்கு மழையையும் மறுபக்கத்துக்கு வெறும் காற்றையும் பங்கு வைப்பதைக் கண்ணால் பார்க்க முடியும். பாலக்காட்டில் தொடங்கி கோவை, பொள்ளாச்சி, தேனி, தென்காசி வழியாக நாகர்கோவிலில் முடிக்க நான்கு நாள் ஒதுக்குங்கள். மூன்று நாளிலும் முடிக்கலாம், ஆனால் தென்காசியில் நேரம் போதாது.

கிளம்புமுன் ஒரு கணக்கைத் தெரிந்துகொண்டால் வழியெல்லாம் உதவும். அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையேறும்போது குளிர்ந்து மேகமாகி, மேற்குச் சரிவிலேயே பெருமளவு கொட்டித் தீர்த்துவிடும். மேகம் கட்டிய காற்று ஒரு கிலோமீட்டர் ஏறினால் 5, 6 டிகிரிதான் குளிரும். நீரை இழந்து கிழக்கே இறங்கும்போதோ கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 10 டிகிரி சூடேறும். ஆகவே இந்தப் பக்கம் வந்து சேரும் காற்று, அந்தப் பக்கம் கிளம்பியதைவிட வறண்டது, சூடானது. இதுதான் மழை மறைவு. மலையில் இடைவெளி இருக்கும் இடத்தில் இந்தக் கணக்கு மாறிவிடும். அங்கே காற்று அவ்வளவு உயரம் ஏற வேண்டியதில்லை. ஈரத்தில் ஒரு பங்கைத் தக்கவைத்துக்கொள்ளும், குறுகிய வாயில் நெருக்கப்படுவதால் வேகமும் கூடும். அப்படிப்பட்ட வாய்கள் நம் பக்கம் மூன்று: பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி.

பாலக்காட்டுக் கணவாய்தான் பெரியது, அகலம் சுமார் 30 கிலோமீட்டர். வடக்கே நீலகிரியில் 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டா, தெற்கே 2,695 மீட்டர் ஆனைமுடி. இரண்டுக்கும் நடுவே தரை சில நூறு மீட்டருக்கு மேல் எழுவதே இல்லை. 1862-லேயே சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரையில் கோழிக்கோட்டை அடுத்த பேப்பூர் வரை ரயில் ஓடியதற்கு இந்தத் தாழ்வுதான் காரணம். பாலக்காட்டிலிருந்து கோவைக்குப் பகல் ரயிலில் போங்கள், இடது ஜன்னலைப் பிடியுங்கள். கஞ்சிக்கோடு தாண்டியதும் வாளையாறு மலைகள் பாதையை நெருங்கி வரும். யானைகள் கடக்கும் பகுதி என்பதால் ரயில் வேகம் குறைந்தால் பதற வேண்டாம். பாலக்காட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர் மழை. 50 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோவையில் 600, 700-தான். ஒரு மணி நேர ரயில் பயணத்தில் மூன்றில் இரண்டு பங்கு மழை காணாமல் போகிறது.

இந்த வாசல் இரு பக்கமும் திறந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். மார்கழி, தை மாதங்களில் தமிழகச் சமவெளியின் வறண்ட காற்று இதே வழியாகப் பாலக்காட்டுக்குள் வீசும். கேரளத்தின் மற்ற ஊர்களில் தென்னை கண்ணை நிறைக்க, இங்கே வயல் வரப்புகளில் பனை வரிசை கட்டி நிற்பதைப் பார்த்தால் நம் பக்கத்து வெக்கை எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது என்று தெரியும்.

கோவைக்கு மழை குறைவு, ஆனால் காற்று ஈரமானது. பருத்தி நூற்பில் இது பெரிய விஷயம். காற்று வறண்டால் இழை விறைத்து அறுந்துகொண்டே இருக்கும், பஞ்சு பறக்கும். அதனால் நூற்பாலைகளுக்குள் 55 முதல் 60 சதவீதம் ஈரப்பதம் இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். வெளியே காற்று ஏற்கெனவே ஈரமாக இருந்தால் அந்த வேலை பாதியாகக் குறையும். 1888-ல் இங்கே முதல் ஆலை வந்ததற்கு இது மட்டுமே காரணமல்ல. சுற்றிலும் பருத்தி விளையும் கரிசல் நிலம் இருந்தது, பின்னால் 1930-களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலைய மின்சாரமும் வந்து சேர்ந்தது. குடிக்கும் தண்ணீரிலும் மலை தலையிடுகிறது. கோவை குடிக்கும் சிறுவாணி, மலைக்கு அந்தப் பக்கம் பாலக்காடு மாவட்டத்தில் பெய்யும் மழை. மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வருகிறது.

அங்கிருந்து தெற்கே போகப் போக இந்தக் குடைச்சல்தான் கதை. காற்றுக்கு வழிவிடாத இடத்தில் மனிதர் தண்ணீருக்கு வழி செய்திருக்கிறார்கள். பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம் மேற்கே ஓட வேண்டிய ஆறுகளைச் சுரங்கங்களாலும் கால்வாய்களாலும் பொள்ளாச்சி, உடுமலை பக்கம் திருப்புகிறது. 1895-ல் கட்டி முடிந்த முல்லைப் பெரியாறு அணை இதையே கம்பம் பள்ளத்தாக்குக்குச் செய்கிறது. தேனியிலிருந்து கம்பம் போகும் சாலையில் இருபுறமும் நெல்லைப் பார்த்துவிட்டு, ஆண்டிப்பட்டி பக்கம் திரும்பிப் பாருங்கள். அரை மணி நேரத்தில் மானாவாரிக் காடு வந்துவிடும். இந்தப் பகுதியை வேகமாகக் கடக்கலாம்.

ராஜபாளையத்திலிருந்து வண்டியை மெதுவாக ஓட்டுங்கள். அங்கே மலை உயரமாகவும் இடைவெளி இல்லாமலும் நிற்பதால் ஆடியிலும் வெயில் சுள்ளென்று அடிக்கும். எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடியைத் தாண்டி, கடையநல்லூரை நெருங்கும்போது மலை முகட்டில் மேகம் வழிந்து இறங்குவது தெரியும். தென்காசி வருவதற்குள் முகத்தில் சாரல் அடிக்கும். செங்கோட்டைக் கணவாயின் எல்லைக்குள் நுழைந்துவிட்டீர்கள்.

தென்காசி சாரல் மேலிருந்து விழாது, படுக்கைவாட்டில் வரும். குடை இங்கே உதவாது. மேற்கிலிருந்து ஒரு வீச்சு வந்தால் கம்பி மடங்கிவிடும். தலையை மூடும் மழைக்கோட்டு வைத்துக்கொள்ளுங்கள், செருப்பு வழுக்காததாக இருக்கட்டும். காசி விஸ்வநாதர் கோயில் ராஜகோபுர வாசலில் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஊர் முழுக்க வீசும் காற்று அந்தக் கல் வாசலுக்குள் நெருக்கப்பட்டு, வேட்டியைப் பிடித்துக்கொண்டு நடக்கும்படி அடிக்கும். பெரிய கணவாயில் நடப்பதையே சில அடி அகலத்தில் உடம்பால் உணரலாம்.

குற்றாலத்துக்குப் போகிறவர்கள் செய்யும் பிழை, தென்காசியின் வானிலை அறிவிப்பை மட்டும் பார்ப்பது. மேகம் மேற்கிலிருந்துதான் வருகிறது, ஆகவே கொல்லம், பத்தனம்திட்டா மாவட்டங்களின் எச்சரிக்கையையும் பாருங்கள். அங்கே கனமழை என்றால் இங்கே அருவியில் வெள்ளமும் குளிக்கத் தடையும் வரக்கூடும். அங்கே பல நாள் மழை ஓய்ந்திருந்தால் இங்கே காற்று மட்டும் வீசும், அருவி நூலாகத் தொங்கும். நீர்பிடிப்பு மலை உச்சியிலேயே இருப்பதால் வெள்ளம் வர அதிக நேரம் ஆகாது. தண்ணீர் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் சேர்ந்து விழுந்தாலோ, இரைச்சல் திடீரென்று கனத்தாலோ அந்த நொடியே வெளியேறுங்கள். காவலர் விசிலுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாகப் புனலூர் போகும் ரயிலும் இந்தக் கணவாய் தந்ததுதான். 1904-ல் போட்ட மீட்டர் கேஜ் பாதை, 2018-ல் அகலப் பாதையாக ஓடத் தொடங்கியது. பகவதிபுரம் தாண்டிய சுரங்கத்துக்குள் நுழையும்போது ஒரு வானமும் வெளியே வரும்போது வேறொரு வானமும் இருக்கும். பதிமூன்று கண் பாலம் வரைக்குமாவது போய்த் திரும்புங்கள்.

வயல்களையும் பார்க்க வேண்டும். தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கம் ஆனியில் கார் சாகுபடி தொடங்கும், மேற்கு மழையை நம்பிய போகம். ஐப்பசிக்கு மேல் பிசானம், அது வடகிழக்கு மழையை நம்பியது. இரண்டு பருவமழையும் தாமிரபரணிக்கு நீர் தருவதால்தான் இரு போகமும் நடக்கிறது. அம்பாசமுத்திரத்து வாழைத் தோட்டங்களில் மரத்துக்கு மரம் முட்டுக் கம்பு நிற்கும். குலை தள்ளிய வாழையின் தலைக்கனம் கூடியிருக்கும்போது மேகாற்று (மேற்கிலிருந்து வீசும் காற்று) அடித்தால் தண்டு நடுவில் ஒடிந்துவிடும். கம்பைக் காற்று வரும் பக்கம் நட்டால் பயனில்லை. மரம் சாயும் பக்கத்தில் கொடுக்க வேண்டும்.

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் நான்குவழிச் சாலையில், பணகுடி தாண்டியதும் மூன்றாவது வாய். முப்பந்தலில் காற்றாலைகள் சாலையோரம் வரை வந்து நிற்கும், மொத்தத் திறன் சுமார் 1,500 மெகாவாட். காற்றின் வேகம் ஒன்றரை மடங்கானால் கிடைக்கக்கூடிய ஆற்றல் மூன்றே கால் மடங்குக்கும் மேலாகும், ஏனெனில் ஆற்றல் வேகத்தின் கனத்துக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப ஏறுகிறது. இந்தக் குறுகலான நிலத்துக்கு அவ்வளவு போட்டி வந்தது இதனால்தான். பழைய 225, 250 கிலோவாட் இயந்திரங்கள் குட்டையாக நெருக்கி நிற்கும், புதியவை பத்து மடங்குக்குக் குறையாத திறனோடு உயரத்தில் சுற்றும். ஒன்றின் பின்னால் இன்னொன்றை மிக அருகில் வைத்தால் பின்னது முன்னதன் கலங்கிய காற்றைத்தான் பிடிக்கும். காற்றோட்டத் திசையில் இறக்கை விட்டத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு இடைவெளி விடுவது அதற்காக. நல்ல இடங்களில் பழைய இயந்திரங்களை எடுத்துவிட்டுக் குறைந்த எண்ணிக்கையில் பெரியவற்றை நடுவதே சரி என்பது என் கருத்து. இந்த இடத்தின் காற்று வேறெங்கும் கிடைக்காது.

இருசக்கர வாகனத்தில் போகிறவர்கள் இங்கே 50 கிலோமீட்டர் வேகத்துக்குமேல் போக வேண்டாம். ஆபத்து நேர்க்காற்றில் இல்லை, பக்கக்காற்றில் இருக்கிறது. லாரியை முந்தும்போது அதன் மறைவில் காற்று அறுந்துபோகும், நீங்கள் காற்றுக்கு எதிராகச் சாய்த்துப் பிடித்த வண்டி லாரிப் பக்கமே இழுக்கும். முன்னால் போய் வெளியே வந்ததும் ஒரே தள்ளாகத் தள்ளும். முந்தாமல் பின்னால் இடைவெளி விட்டு வருவது நல்லது. வைக்கோல் ஏற்றிய வண்டி, காலி கண்டெய்னர் இரண்டிலிருந்தும் விலகியே இருங்கள்.

ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் நாஞ்சில் நாடு. சற்று முன்புவரை உடைமரமும் வெறும் தரையுமாக இருந்தது, இங்கே குளமும் வயலும். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரு போக நெல், காரணம் இங்கும் அதே இரட்டை மழைதான்.

ஒரு நாள் மிச்சமிருந்தால் நாகர்கோவிலோடு நிறுத்தாமல் கிழக்கே சாத்தான்குளம், திருச்செந்தூர் பக்கம் தேரிக்காட்டுக்குப் போங்கள். கணவாய்க் காற்று உள்நாட்டுச் செம்மண்ணை வாரிக்கொண்டுவந்து கடலோரத்தில் குவித்த மேடுகள் அவை. மண் சீக்கிரம் சுடும், காலை ஒன்பதுக்குள் நடந்து முடித்துவிட வேண்டும். ஆடியில் மணல் கண்ணில் அடிக்கும் என்பதால் கண்ணாடி அவசியம், கேமராவைப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பொடி லென்ஸ் வளையத்துக்குள் புகுந்தால் லேசில் வராது. பதநீர் வேண்டுமென்றால் பங்குனி, சித்திரையில் தனியாக இன்னொரு முறை வர வேண்டும்.