செடிவேலி வரைந்து காட்டும் அரண்மனை

இங்கிலாந்தின் சிசெஸ்டர் நகருக்கு அருகே, 1960இல் தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது வெளிப்பட்டது ஃபிஷ்போர்ன் ரோமானிய அரண்மனை. அங்கே டால்பின் மீது அமர்ந்த சிறுவனைச் சிறு கற்கள் பதித்துக் காட்டும் மொசைக் தளத்தைக் காணவே கூட்டம் முண்டியடிக்கிறது. எனக்கோ வெளியே இருக்கும் தோட்டத்தை விட்டு நகர மனம் வரவில்லை. சரளை கலந்த வளமற்ற நிலத்தில் ரோமானியர்கள் நீளப் பள்ளங்கள் வெட்டி, நல்ல மண் நிரப்பிச் செடி வைத்திருந்தார்கள். அந்த மண்ணின் நிற வேறுபாட்டைக் கொண்டே அகழாய்வாளர்கள் வேலியின் வடிவத்தை மீட்டெடுத்தார்கள். இன்று அதே கோடுகளில் பாக்ஸ் என்னும் குறுஞ்செடி முழங்காலளவு உயரத்தில் கத்தரிக்கப்பட்டு நிற்கிறது. பாதையோரம் இடையிடையே அரைவட்டமாகவும் சதுரமாகவும் உள்வாங்குகிறது.

தோட்டத்தில் மீட்டது வடபாதி மட்டுமே. தென்பாதி இன்னும் சாலைக்கும் வீடுகளுக்கும் அடியில் கிடக்கிறது. நம் ஊர்ச் சின்னங்களைச் சுற்றி, எந்த ஊரானாலும் ஒரே மாதிரியாக விரிக்கப்படும் புல்தரையைவிட, கீழே புதைந்திருப்பதையே மேலே வரைந்து காட்டும் இந்த முறை எனக்கு நேர்மையானதாகப் படுகிறது.