வெண்தாடிக்கு முன்பே

நடிகர் இயன் மெக்கெல்லன் என்றதும் பலருக்கும் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்களின் மந்திரவாதி கேண்டால்ஃபின் வெண்தாடிதான் நினைவுக்கு வரும். எனக்கோ 1988 ஜனவரியின் பிபிசி வானொலி விவாதம். உள்ளாட்சி அமைப்புகள் தன்பாலீர்ப்பை 'ஊக்குவிக்க'க் கூடாது என்ற 28ஆம் பிரிவு அப்போது பிரிட்டனில் சட்டமாகக் காத்திருந்தது. அதை எதிர்த்து வாதாடியவர், தானும் தன்பாலீர்ப்பாளர்தான் என்று போட்டுடைத்தார். வயது 48; ஷேக்ஸ்பியர் நாடகங்களில் பெயரெடுத்த நடிகர், இழக்க நிறையவே இருந்தது. மறு ஆண்டே தன்பாலீர்ப்பாளர் உரிமைகளுக்கான ஸ்டோன்வால் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். உலகளாவிய திரைப்புகழ் அதற்குப் பிறகுதான்: 2000இல் 'எக்ஸ்-மென்' படத்தின் மேக்னீட்டோ, 2001இல் கேண்டால்ஃப். வெளியே சொன்னால் வாய்ப்பு போய்விடும் என்று பயமுறுத்துகிறவர்களிடம் இந்த வரிசையைத்தான் நீட்டுவேன்.

ஆனாலும் என் கண்ணுக்கு அவர் மேடைக்காரர். 80 வயதை 80 அரங்குகளில் தனிநபர் நிகழ்ச்சி நடத்திக் கொண்டாடியவர், 82இல் ஷேக்ஸ்பியரின் இளவரசன் ஹாம்லெட்டாக நடித்தார். இளவரசனுக்கு இந்த வயதா என்று முணுமுணுப்பவர்கள் முணுமுணுக்கட்டும்.